சுருட்டி எடுத்துப்போகும் பாய் தைப்பது எப்படி? பிரஸ் பட்டனை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான்: பூங்காவுக்கும் கடற்கரைக்கும் எடுத்துப்போக, நான்கு பேர் உட்காரும் அளவில் ஒரு பாய் தைக்க வேண்டும். சுருட்டி, பிரஸ் பட்டன் போட்டு மூட வேண்டும். வீட்டில் இருப்பது சாதாரணத் தையல் மிஷின். முன்பு ஒன்று தைத்ததில் பட்டன் துணியோடு பிய்ந்து வந்துவிட்டது. எந்தத் துணி, எந்தப் பட்டன், எங்கே வைப்பது?

பட்டனிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெரும்பாலும் பாயை முழுசாகத் தைத்து முடித்துவிட்டு, கடைசியில் "எங்கே பட்டன் அடிக்கலாம்" என்று தேடுகிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது. பிரஸ் பட்டனுக்கு ஒரு குணம் உண்டு. பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்; ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினால் உடனே விட்டுக்கொடுக்கும். அதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் ஊர்க்காரர் ஹெரிபெர்ட் பாவர் 1885இல் இதற்குக் காப்புரிமை வாங்கியது ஆண்களின் கால்சட்டையை மூடுவதற்காக. 1903இல் ஹான்ஸ் பிரிம் உள்ளே சின்ன ஸ்பிரிங் கம்பி வைத்துச் செய்த பிறகு அழுத்தினால் கடிப்பதும் இழுத்தால் விடுவதும் சீராகின. இன்றைக்கு நாம் வாங்குவதும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

பாய்க்கு இதன் பொருள் என்ன? சுருட்டிய பாய் எப்போதும் விரியப் பார்க்கும். அந்த விரியும் விசை பட்டனுக்குப் பக்கவாட்டில் வந்து விழுந்தால் பட்டன் அசையாது. தூக்குகிற மாதிரி விழுந்தால் பாதி வழியில் டப்பென்று திறந்துகொள்ளும். பட்டன் இறுக்கமான ரகமாக இருந்தால் திறப்பதற்குப் பதிலாகத் துணியைப் பிய்த்துக்கொண்டு வரும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது என்று நினைக்கிறேன். பாயின் ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு சின்ன நாக்கு தைத்து அதில் ஒரு பாகமும், பாயின் மேலேயே இன்னொரு பாகமும் அடித்திருப்பீர்கள். சுருள் வளைந்திருப்பதால் குட்டையான நாக்கு படிந்து உட்காராமல் நுனி தூக்கிக்கொண்டே நிற்கும். போதாக்குறைக்கு, பாயில் அடித்த பாகத்தின் கீழே பஞ்சு இருக்கும். பஞ்சு அமுங்க அமுங்க பட்டனின் பிடி தளரும். தளர்ந்த பட்டன் ஆடும், ஆடுகிற பட்டன் ஓட்டையைப் பெரிதாக்கும்.

அதனால் நான் சொல்வது: பட்டனின் இரண்டு பாகங்களும் வாரிலேயே இருக்கட்டும், பாயைத் தொடவே வேண்டாம். நீளமான வார் சுருளை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் மேலேயே பட்டன் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போது இழுவிசை முழுக்க வாரின் நீளவாக்கில் போகும், பட்டனுக்குப் பக்கவாட்டு இழுப்பு மட்டுமே கிடைக்கும். வாரின் தடிமன் நமக்கு முன்பே தெரியும் என்பதால் துணியைத் துளைத்துப் போகும் பட்டன் காம்பின் அளவும் சரியாக அமையும்.

வாரின் நீளத்துக்கு, சுருட்டினால் பாய் எவ்வளவு பருமனாகும் என்று தெரிய வேண்டும். அதைத் தைத்து முடித்த பிறகுதான் தெரிந்துகொள்ள முடியும் என்றில்லை. சுருட்டும் நீளத்தைத் தடிமனால் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, 3.14ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுருளின் விட்டம். ஆறடி நீளம் என்றால் சுமார் 1830 மி.மீ. பாயின் தடிமன் 4 மி.மீ., அதை மூன்றாக மடித்துச் சுருட்டுகிறீர்கள் என்றால் 12 மி.மீ. கணக்குப் போட்டால் 167 மி.மீ., அதாவது ஏறக்குறைய 17 செ.மீ. கையால் சுருட்டும்போது இவ்வளவு இறுக்கம் வராது, 19, 20 செ.மீ. ஆகிவிடும். சுற்றளவு 60 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே, நம் தையல் கணக்கில் 24, 25 அங்குலம். தடிமன் 6 மி.மீ. என்றால் இறுக்கிச் சுருட்டினாலே விட்டம் 20 செ.மீ. தாண்டும். நான்கைந்து பேர் கூட்டத்தில் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதற்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

பஞ்சு அதிகம் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். தரை கல்லாக இருந்தால் மெத்தென்று இருக்கும், உண்மைதான். ஆனால் சுருட்டும்போது உள்பக்கம் குறைந்த தூரமும் வெளிப்பக்கம் அதிக தூரமும் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வித்தியாசம் தடிமனைப் போல 6.28 மடங்கு. 6 மி.மீ. பாயை மடிக்காமலே சுருட்டினால்கூட ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 4 செ.மீ. வித்தியாசம், பத்துச் சுற்றில் ஒரு முழத்துக்குப் பக்கமாக வந்துவிடும். அந்த மிச்சத் துணி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும், உள்பக்கத்தில் சுருக்கமாக நிற்கும். சுருக்கத்தைத் தவிர்க்க முடியாது, ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். கோரைப் பாயைப் பாருங்கள். கோரை அகலவாக்கில் கிடக்கும், நூல் நீளவாக்கில் ஓடும். சுருட்டும்போது ஒரு கோரைகூட வளைவதில்லை, கோரைக்குக் கோரை நடுவே இருக்கும் இடம்தான் வளைகிறது. துணிப் பாயிலும் அதையே செய்கிறோம்: பஞ்சைப் பிடித்து நிறுத்தும் தையல் வரிகள் சுருளின் அச்சுக்கு இணையாக, அதாவது பாயின் அகலவாக்கில் ஓட வேண்டும். நான்கு அங்குலத்துக்கு ஒரு வரி. கட்டம் கட்டமாகவோ வைர வடிவிலோ தைத்தால் பார்க்க அழகு, சுருட்டினால் முரண்டு பிடிக்கும்.

இப்போது அளவு. 54க்கு 72 அங்குலம், அதாவது நாலரை அடிக்கு ஆறடி, வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்காரலாம். நான்கு பேருமே பெரியவர்கள் என்றால் நெருக்கமாகத்தான் இருக்கும்; அதற்கு வேறு வழியைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன். இந்த அளவைச் சொல்லக் காரணம், தரையைத் தொடும் அடித்துணி 58 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், வருகிறது. சுற்றிலும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக வைத்து 57க்கு 75 என்று வெட்டினால் ஒட்டே இல்லாமல் முடியும். தண்ணீர் தடுக்க வேண்டிய துணியில் நடுவே ஒட்டு இருந்தால் ஈரம் முதலில் அங்கேதான் ஏறும்.

அடித்துணிக்குக் குடைத்துணி, உட்பக்கம் பூச்சு உள்ள பேக் துணி, ரெக்சின், பழைய ஃப்ளெக்ஸ் பேனர் என்று பலதையும் சொல்வார்கள். பேனர் காசில்லாமல் கிடைக்கும், தண்ணீர் ஒரு சொட்டும் ஏறாது. ஆனால் கனம், மடித்த இடத்தில் தழும்பு, வெயிலில் இளகுவது, போதாததற்கு யாரோ ஒருவருடைய வாழ்த்துச் செய்தி. ரெக்சின் இன்னும் கனம். குடைத்துணி மெல்லியது, மழைத்துளியைத் தாங்கும், ஆனால் ஈரப் புல்லில் முழங்காலை ஊன்றினால் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் ஈரம் கசியும். மணலுக்கும் காய்ந்த தரைக்கும் அது தாராளமாகப் போதும். புல்வெளிக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் பூச்சு உள்ள பேக் துணியே என் ஓட்டு. வாங்கும்போது ஒரு துண்டை உள்ளங்கையில் குழித்து இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, கீழிருந்து விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரல் ஈரமானால் அந்தத் துணி வேண்டாம்.

மேல்துணிக்கு 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அளவில் காட்டன் கேன்வாஸ், அல்லது சென்னிமலைப் பெட்ஷீட் போல நெருக்கமாக நெய்த துணி. பழைய ஜீன்ஸ் பேன்ட்டுகளை ஒட்டுப் போட்டுத் தைப்பவர்கள் உண்டு. ஒட்டுகள் எல்லாம் அகலவாக்கில் வரும்படி பார்த்துக்கொண்டால் சரி. காட்டன் எதுவாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். காட்டன் சுருங்கும், அடித்துணி சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே பாய் அப்பளம் மாதிரி எழும்பிக்கொள்ளும். நடுவே 100 முதல் 150 ஜிஎஸ்எம் பாலியெஸ்டர் வாடிங், அதாவது பஞ்சுத் தாள், ஒரு அடுக்கு. பழைய போர்வை வைத்தால் ஈரம் குடித்து இரண்டு நாள் காயாது. டிவி, ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் வரும் வெள்ளை ஃபோம் தாள் தண்ணீர் குடிக்காது, தரைக்குளிரும் ஏறாது. ஆனால் உட்காரும்போது சரசரக்கும், மடித்த இடத்தில் நிரந்தரமாக வரி விழும்.

பவானி ஜமக்காளம் வீட்டில் சும்மா கிடந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம். அது தானே கெட்டி, வாடிங் வேண்டாம், வரித் தையல் வேண்டாம், அடித்துணியைச் சுற்றிலும் தைத்தால் போதும். கனம்தான் கூடும். கார் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

பட்டன் வாங்கும்போது டிச் பட்டன் என்று மட்டும் கேட்டால் குழந்தைச் சட்டைக்கு ஊசியால் வைத்துத் தைக்கும் சின்னதை எடுத்துக் காட்டுவார்கள். பைக்கும் ஜாக்கெட்டுக்கும் அடிக்கிற, நான்கு பாகம் உள்ள பட்டன் வேண்டும் என்று சொல்லுங்கள்: தொப்பி, அதோடு சேரும் குழி, குமிழ், அதைக் கீழிருந்து பிடிக்கும் காம்பு. அளவை லைன் என்று சொல்வார்கள். ஒரு லைன் என்பது ஓர் அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. 24 லைன் பட்டன் சுமார் 15 மி.மீ. இதற்கு அதுதான் சரி. கடிக்கும் பாகத்தில் வளையம் போன்ற ஸ்பிரிங் இருந்தால் இறுக்கமான ரகம், இரண்டு கம்பிகள் இணையாகத் தெரிந்தால் இளகிய ரகம். வாருக்கு இறுக்கமானதை வாங்குங்கள்.

கடற்கரைக்குப் போகும் பாய் என்பதால் உலோகமும் முக்கியம். நிக்கல் பூசிய இரும்புப் பட்டன் கடையில் பளபளவென்று இருக்கும். உப்புக்காற்று பட்டு, பூச்சு கீறிய இடத்தில் துருப்பிடித்து, துணியில் காவிக் கறை வைக்கும். அந்தக் கறை சாதாரணத் துவையலில் போகாது. கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கையில் எடுத்துப் போங்கள். தொப்பியிலும் காம்பிலும் நன்றாக ஒட்டிக்கொண்டால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் பிரஸ் பட்டனும் கெட்டதில்லை, துரு என்ற பேச்சே இல்லை; அதை அழுத்தும் பிளையரும் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் காம்பு குட்டை, கெட்டியான கேன்வாஸ் நான்கு மடிப்புக்கு எட்டாது. பிளாஸ்டிக் என்றால் வாரை மெல்லிய துணியில் செய்யுங்கள்.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமிழில் மணல் ஒட்டினால் தட்டிவிடலாம், குழிக்குள் போனால் ஸ்பிரிங்கில் சிக்கிக் கடிக்காது. அதனால் குழிப் பாகத்தை வாரின் தொங்கும் நுனியில் வையுங்கள்; கையில் எடுத்து ஒரு தட்டுத் தட்டி, ஊதிவிட்டுப் போடலாம். வெல்க்ரோ வேண்டாம் என்பதற்கும் காரணம் இந்த மணலும் புல்லும்தான்.

வார் தயாரிப்பு: பை தைக்கும் கடைகளில் கிடைக்கும் ஒன்றேகால் அங்குல பெல்ட் நாடா வாங்கலாம், அல்லது ஐந்து அங்குல கேன்வாஸ் துண்டை நான்காக மடித்து இருபுறமும் ஓரத் தையல் போடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பட்டன் அதில்தான் நன்றாகப் பிடிக்கிறது. இரண்டு வார் வேண்டும், ஒவ்வொன்றும் 31 அங்குலம். இதில் ஆறு அங்குலம் பாயின் அடிப்பக்கத்தில் படுத்துக் கிடக்கும், மிச்சம் 25 வெளியே தொங்கும். தொங்கும் பகுதி சுருளின் சுற்றளவுக்குச் சமம் என்பதைக் கவனியுங்கள். சுற்றி வந்தால் நுனி சரியாக அந்த ஆறு அங்குலத்தின் மேல் விழும். அங்கே ஒன்றரை அங்குல இடைவெளியில் மூன்று குமிழ். ஒருநாள் இறுக்கிச் சுருட்டுவோம், ஒருநாள் அவசரத்தில் தொளதொளவென்று சுருட்டுவோம், இரண்டுக்கும் இடம் வேண்டும். குழிப் பாகத்தை நுனியிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். திறக்கும்போது விரலால் பிடித்துத் தூக்க அந்த ஓர் அங்குலம் தேவை. அது இல்லையென்றால் தொப்பியை நகத்தால் நெம்புவோம், பட்டன் பிய்வது பெரும்பாலும் அப்படித்தான்.

பட்டன் அடிப்பதில் இரண்டு விஷயம் முக்கியம், ஓட்டையும் காம்பும். ஓட்டையைக் கத்தரியால் வெட்டாதீர்கள். குத்தூசியால் இழைகளை விலக்கித்தான் துளைக்க வேண்டும். காம்பு கொஞ்சம் மல்லுக்கட்டி உள்ளே போகிற அளவே ஓட்டை. நைலான் நாடா என்றால் குத்தூசியின் முனையைச் சுடவைத்துக் குத்தினால் ஓரம் உருகி, பிசிறில்லாமல் நிற்கும். காம்பை உள்ளே விட்ட பிறகு துணிக்கு மேலே இரண்டு, மூன்று மி.மீ. நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் மடங்கிப் பிடிக்க உலோகம் போதாது, மறுநாளே கழன்று வரும். அதிகமாக இருந்தால் சுத்தியலடியில் நேராக விரியாமல் ஒரு பக்கமாகச் சாயும். அப்போது ஒரு கேன்வாஸ் துண்டை இடையில் வைத்து அளவைச் சரிசெய்யுங்கள். அடிக்கும் இடம் தரையாக இருக்கட்டும். மேசைமேல் வைத்து அடித்தால் மேசை அடியை வாங்கிக்கொண்டு துள்ளும், சமையல் மேடைமேல் வைத்தால் கல் விரிசல் விடும். பட்டனைப் பொருத்தும் இரும்பு அச்சைச் செங்குத்தாகப் பிடித்து, சுத்தியலால் பலமாக இரண்டு மூன்று அடி. பிறகு கட்டைவிரலால் பட்டனைத் திருகிப் பாருங்கள். சுழன்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு அடி போடுங்கள். பாய் வாரில் அடிப்பதற்கு முன் அதே தடிமன் உள்ள வெட்டுத் துண்டில் ஒரு ஜோடியை அடித்துப் பார்த்துவிடுங்கள். அச்சும் சுத்தியலும் வாங்க மனமில்லை என்றால், வார்களை மட்டும் பை தைக்கும் கடைக்கோ சீட் கவர் தைக்கும் கடைக்கோ எடுத்துப்போனால் அடித்துத் தருவார்கள். பட்டன்கள் வாரோடு நின்றுவிடுவதால் பாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

திசை மாறிப்போவது எல்லோருக்கும் நடக்கும். தொப்பி வெளியே தெரியும். அதன் மறுபுறம், சுருளைப் பார்த்தபடி குழி. படுத்துக் கிடக்கும் பகுதியில் குமிழ் வெளியே பார்க்கும், காம்பின் தலை துணிக்கும் வாருக்கும் நடுவே மறைந்துவிடும். ஒரு தலையணையைச் சுற்றி வாரைச் சுற்றிப் பார்த்து, டெய்லர் சாக்கால் இரு பக்கமும் குறி போட்ட பிறகு துளையிடுங்கள்.

இனி தையல் வரிசை. முதலில் வார்கள் அடித்துணியில் ஏற வேண்டும், பாய் முழுமையான பிறகு தைத்தால் ஊசி எல்லா அடுக்கையும் துளைத்துவிடும். அடித்துணியை நீளவாக்கில் மூன்றாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 18 அங்குலம். நடுப் பகுதியின் ஒரு முனையில், இரு மடிப்புக் கோட்டிலிருந்தும் நாலரை அங்குலம் தள்ளி ஒவ்வொரு வார். ஆறு அங்குலத்தை அளக்கும்போது துணியின் விளிம்பிலிருந்து அளக்காமல், முடிந்த பாயின் ஓரம் வரும் இடத்திலிருந்து, அதாவது ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி அளக்க வேண்டும். துணியின் உள்பக்கத்தில் ஒரு சாண் சதுரத்துக்குக் கேன்வாஸ் துண்டு வைத்து, அதோடு சேர்த்து வாரைச் செவ்வகமாகத் தைத்து, குமிழ் இல்லாத இடங்களில் நடுவே பெருக்கல் குறி போடுங்கள். இரண்டு வார்களையும் இணைத்து, உள்முனையில் ஒரு கைப்பிடி, அதற்கும் அதே பெருக்கல் குறித் தையல். பாயின் கனம் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். தூக்கும்போது அந்தக் கனத்தைச் சுமப்பது இந்தத் தையலும் கேன்வாஸ் துண்டும், பட்டனுக்குப் பங்கு குறைவு.

அப்புறம் மேல்துணியும் வாடிங்கும். வாடிங்கை ஒரே துண்டாக வைக்காமல் 17 அங்குல அகலத்தில் மூன்று நீளப் பட்டைகளாக வெட்டி, இடையே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு வையுங்கள். மடிப்புக் கோட்டில் பஞ்சு இல்லாததால் மூன்றாக மடித்தால் படிந்து கிடக்கும். ஓரத்திலும் அரை அங்குலம் குறைத்து வெட்டுங்கள், மூலையில் மிஷின் திணறாது. இவற்றோடு மெல்லிய லைனிங் துணி ஒன்றைக் கீழே கொடுத்து, அகலவாக்கில் வரித் தையல்களை முடித்துவிடுங்கள். அடித்துணி இதில் சேராது. வரித் தையலால் அதில் ஓட்டை விழாததால் அந்த வழியே ஈரம் ஏறாது.

கடைசியில் அடித்துணியைப் பூச்சுப் பக்கம் உள்ளே பார்க்க விரித்து, அதன்மேல் வரித் தையல் போட்ட துணியை நடுவில் வைத்து, சுற்றிலும் கூடுதலாக உள்ள ஒன்றரை அங்குலத்தை மேலே மடக்குங்கள். அரை அங்குலம் உள்ளே போய், ஓர் அங்குலம் கரையாகத் தெரியும். ஓரத்தைச் சுற்றித் தனியே பைப்பிங் பட்டை வைப்பதைவிட இது நல்லது என்பதற்கு அழகைத் தாண்டி ஒரு காரணம் உண்டு. காட்டன் ஓரம் ஈரத் தரையைத் தொட்டால் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதைப் போலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இப்படி மடக்கினால் தரையைத் தொடுவது எல்லாப் பக்கமும் நீர்புகாத் துணிதான். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை மூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும். அடித்துணி உள்ளே நழுவிக் குவியாமல் இருக்க, மடிப்புக் கோடுகளில் ஓரடிக்கு ஒன்றாகக் கையால் சின்ன முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுகளில் மட்டும் துணிப் பசையைத் தொட்டு வையுங்கள்.

வீட்டு மிஷினுக்கு 16ஆம் நம்பர் ஊசி, மூலையில் அடுக்கு கூடினால் 18. பாலியெஸ்டர் நூல்தான், காட்டன் நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். தையல் நீளத்தை மூன்றரை, நான்கு மி.மீ.க்குக் கூட்டுங்கள். பொடித் தையல் போட்டால் பூச்சுத் துணியில் தபால்தலை ஓரம் போல ஓட்டை வரிசை உண்டாகி, அந்த வழியே கிழியும். பூச்சுப் பக்கம், துணியை அழுத்தும் மிஷின் ஃபுட்டில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடலாம். மூலைகளில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அதற்கு முன் அந்தத் தடித்த இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் படிய வைத்தால் ஊசி உடையாது. காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். புது மின்சார மிஷின்கள் பல இந்த வேலையில் அதன் பக்கத்தில் நிற்காது.

சுருட்டும் முறை: உட்காரும் பக்கம் உள்ளே போகும்படி வலது பங்கை நடுவே மடித்து, இடது பங்கை அதன்மேல் மடித்து, வார் இல்லாத முனையிலிருந்து சுருட்டிக்கொண்டு வாருங்கள். மணலும் மண்ணும் பெரும்பாலும் வெளியே நிற்கும்; உட்காரும் பக்கத்தில் இடது பங்கு மட்டும் வலது பங்கின் அடிப்பக்கத்தைத் தொடும்.

நான்கு பேருமே பெரியவர்கள் என்றால், பெரிய பாய் ஒன்றைவிட இதில் பாதி அகலத்தில் மூன்று பாய் தைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பட்டனால் இணைப்பது மேல். இங்கே பட்டன் ஓரத்தில்தான் வர வேண்டியிருக்கும். ஓரத்தில் பஞ்சு இல்லை, துணி மடிப்பு உண்டு, இழுப்பும் பக்கவாட்டில்தான், அதனால் தாங்கும். ஒவ்வொரு பாய்க்கும் இடது ஓரம் முழுக்கக் குமிழ், வலது ஓரம் முழுக்கக் குழி என்று ஒரே மாதிரி வையுங்கள், அப்போது எந்தப் பாயும் எந்தப் பாயோடும் சேரும். இடைவெளி 12 அங்குலம் போதும். எல்லாப் பாயிலும் மேல் முனையிலிருந்து அளந்தே குறி போடுங்கள். இரு முனையிலிருந்தும் அளந்தால் அரை அங்குலம் மாறி, இணைக்கும்போது துணி கோணிக்கொள்ளும். இங்கே இளகிய ஸ்பிரிங் ரகம் போதும். யாராவது தடுக்கினால் பட்டன் விடுவதே நல்லது.

கடற்கரையில் காற்றுக்கு, நான்கு மூலையிலும் அடிப்பக்கம் கையளவு பை தைத்து மணலை அள்ளிப் போடலாம். அந்தப் பைகளுக்குப் பட்டன் வேண்டாம், வாய் திறந்தே இருக்கட்டும். கிளம்பும்போது கவிழ்த்தால் காலி.

வீட்டுக்கு வந்ததும் பட்டன்களை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், பாயை விரித்துக் காயவைத்த பிறகே சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் காட்டன் பூசணம் பிடிக்கும், அடித்துணியின் பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரியும். அந்தப் பூச்சில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது. பட்டன் இறுகி, திறக்கக் கஷ்டமாக இருந்தால் குமிழில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு நாலு முறை போட்டுப் போட்டு எடுங்கள். தளர்ந்துபோனால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஸ்பிரிங் உள்ள குழிப் பாகம்தான். குறட்டால் அதை மட்டும் உடைத்து எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் அதே அளவு புதுத் தொப்பியும் குழியும் அடித்துக்கொள்ளலாம்.